தும்மல் வராத மல்லிகை

அந்த யோசனை எனக்கு ஒரு தும்மலில் வந்தது. தும்மியது நானல்ல, ஜெனி.

அஸ்தம்பட்டியில் ஏற்காடு ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் தெருவில் அவள் வீடு. அன்று அவளுக்கு நிச்சயதார்த்தம். சோபாவை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு ஹால் முழுக்க ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். திருஇருதயப் படத்துக்குப் புது சீரியல் பல்பு மாட்டியிருந்தார்கள். சமையலறையிலிருந்து நெய்யும் ஏலக்காயும் மணந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளை வீட்டார் பனமரத்துப்பட்டியிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு முன்னால் பூ இறங்கியது.

சும்மா வழியில் வாங்கிய பூ இல்லை. அவர்கள் பூக்காட்டுக்காரர்கள். ஏரியைத் தாண்டிப் போனால் அவர்களுடைய அரளியும் மல்லிகையும் வரிசை பிடித்து நிற்கும் என்று ஜெனி சொல்லியிருந்தாள். தட்டில் வந்த மல்லிகைச் சரம் சுருண்டு சுருண்டு ஒரு பூசணிக்காய் அளவுக்கு இருந்தது.

அதைக் கட்டியவர் மாப்பிள்ளை பிரவீனின் அம்மா அந்தோணியம்மாள். தூக்கி வந்தவரும் அவர்தான். ஆனால் ஜெனியின் தலையில் வைத்தது அவருடைய நாத்தனார். அந்தோணியம்மாளின் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அவர் ஓரமாக நின்றுகொண்டு, "அப்பிடியில்ல, இன்னுங் கொஞ்சம் எடது பக்கமா எறக்கி வெய்யி" என்று வழி மட்டும் சொன்னார்.

பூ தலையில் ஏறியது. ஜெனி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றிருந்த எனக்கு அவள் மூக்கு நுனி சிவப்பது தெரிந்தது. அப்புறம் ஆரம்பித்தது. ஒற்றைத் தும்மலா இரட்டைத் தும்மலா என்று பார்த்துச் சகுனம் சொல்லத் தயாராக இருந்த பெரியவர்கள்கூட எண்ணுவதைக் கைவிட்டார்கள். போட்டோகிராபர் கேமராவைக் கீழே இறக்கினார்.

"பொண்ணுக்குச் சளி புடிச்சிருக்குதுங்களா?" என்றார் அந்தோணியம்மாள்.

"ஆமாங்க, நேத்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டா" என்று ஜெனியின் அம்மா ரீட்டா ஆன்ட்டி சொன்னார். ஜெனி ஐஸ்கிரீம் சாப்பிட்டு மாதக்கணக்காகிறது.

நான் அவளைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடி, மல்லிப்பூ உனக்கு ஆகாதுன்னு."

"யாருகிட்ட? மல்லிப்பூவே சோறு போடற வீட்டுல போயி, உங்க பூவு எனக்கு ஆகாதுன்னு சொல்லச் சொல்றியா? பிரவீன்கிட்ட சொன்னேன். 'அம்மாகிட்ட மட்டும் சொல்லாத'ன்னுட்டான்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்கு விடு. கல்யாணத்தன்னைக்கு பாதர் முன்னாடி நிப்பேன். அவரு கேப்பாரு. நான் வாயைத் தொறந்து வார்த்தைப்பாடு குடுக்கணும். அப்ப இது வந்துச்சுன்னா?"

அவள் கண்ணில் நின்ற நீர் தும்மலால் வந்தது மட்டுமல்ல. கழற்றிய சரம் வாளியின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்தேன். மொட்டு, காம்பு, நார். உருட்டினால் மொட்டு. கிள்ளினால் காம்பு.

"நான் செஞ்சு தர்றேன்" என்றேன். "வாசனையே இல்லாத மல்லிகை. கிட்ட வந்து பாத்தாக்கூடத் தெரியாது."

பூக்காட்டில் பிறந்து வளர்ந்த கூட்டத்துக்குக் கிட்ட வந்து பார்த்தாலும் தெரியாத மல்லிகை. இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதை இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

கேசிங் பைப்பின் தங்கச்சி

நான் செய்து விற்கும் எருக்கம்பூ ஜிமிக்கி பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ராசிபுரத்து வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "இந்தக் களிமண்ணை எந்த ஏரியில் எடுக்கிறீர்கள்?"

அம்மா, இது எந்த ஏரியிலும் இல்லை. பாலிமர் கிளே என்று பேரில்தான் களிமண். உள்ளே இருப்பது பிளாஸ்டிக். மாவு போலப் பிசையலாம், ஓவனில் வைத்துச் சுட்டால் கெட்டியாகிவிடும், அவ்வளவுதான். இன்ஸ்டாகிராமில் என் பக்கத்தின் தலையில் "இயற்கையின் மடியிலிருந்து" என்று எழுதியிருக்கிறேன். இயற்கைக்கு இது தெரியாது.

எங்கள் மாமா ஒருவர் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார். வருடத்தில் பாதி நாள் வடக்கே எங்கேயாவது போர் போட்டுக்கொண்டிருப்பார். ஒருமுறை வீட்டுக்கு வந்தவர் என் கிளே பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தை மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தார்.

"ஏங் கண்ணு, இது பிவிசி அல்ல?"

"ஆமாங்க மாமா."

"அப்ப நாங்க போருக்குள்ள எறக்கற கேசிங் பைப்பைத்தான் நீ பிசைஞ்சு காதுல மாட்டிக்கறயா?"

"அதே இல்லீங்க மாமா. சொந்தம்."

"பரவால்ல, குடும்பத்துத் தொழில்தான்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.

இதுவாவது பரவாயில்லை. முதன்முதலில் கருவேலங்காயைப் பார்த்துத் தொங்கட்டான் செய்தபோது அம்மா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏன்டி, ஆடு திங்கறதைப் போயிக் காதுல மாட்டறதா?"

அம்மாவைப் பொறுத்தவரை இயற்கையில் இரண்டே ரகம். ஆடு தின்பது, ஆடு தின்னாதது. இரண்டுமே காதுக்கு ஆகாது. காதுக்கு என்று ஆகிவந்தது ஒன்றே ஒன்று, அது மஞ்சளாக மின்ன வேண்டும், பீரோவில் பூட்டி வைக்க வேண்டும்.

ஹாஸ்டல் சப்பாத்தி

இந்தக் கை எப்படி இப்படி ஆனது என்று கேட்டால், நாமக்கல்லைத்தான் சொல்ல வேண்டும்.

பிளஸ் டூவுக்கு என்னையும் ஜெனியையும் நாமக்கல் பக்கத்தில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். விடிவதற்கு முன்னால் எழுப்புவார்கள். பல் தேய்க்கும்போதும் கையில் சூத்திரம் இருக்க வேண்டும். கோழிப்பண்ணைகளுக்கு நடுவில் இருந்த அந்தக் கட்டடத்தில் யார் முட்டையிட வளர்க்கப்படுகிறார்கள் என்று எங்களுக்குச் சந்தேகம் இருந்தது.

அங்கே இரவுச் சாப்பாட்டுக்கு வரும் சப்பாத்தியின் நடுப்பகுதி எப்போதும் வேகாமல் இருக்கும். அதைப் பிய்த்து மேஜைக்கு அடியில் வைத்து உருட்டுவேன். இதழ் இதழாகத் தட்டி ரோஜா செய்வேன். ஜெனிதான் அதற்கு ரசிகை. அவளுக்கு அப்போதே மல்லிகை ஆகாது. வெள்ளிக்கிழமை எல்லாரும் பூ வைக்கும்போது இவள் மட்டும் கைக்குட்டையோடு வராந்தாவின் கோடியில் நிற்பாள். "எனக்குன்னு பார்த்தா உன் சப்பாத்தி ரோஜாதான்டி" என்பாள். வார்டனிடம் மாட்டியபோது, 'உணவை வீணாக்குதல்' என்று குற்றம் சாட்டினார்கள். அந்தச் சப்பாத்தியை உணவு என்று அவர்கள் ஒத்துக்கொண்டது அந்த ஒருமுறைதான்.

அதன் பிறகு ஜெனி உயிரியல் படித்து, டீச்சர் ஆனாள். என்னை அப்பா டெக்ஸ்டைல் டெக்னாலஜி படிக்க வைத்தார். குமாரபாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே தறி செட் இருக்கிறது. லுங்கியும் துண்டும் ஓடும். படித்துவிட்டு வந்து மகள் தறியை நவீனமாக்குவாள் என்று நினைத்தார். மகள் வந்து பின்னறையில் ஓவன் வைத்தாள்.

நீலப் பூசணம்

ஜெனியின் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் அறிவிப்பது. மூன்றாவது ஓலை முடிந்த வாரமே கல்யாணம். எனக்கும் அதுதான் கெடு.

முதல் ஓலை வாசித்த வாரம் முழு உற்சாகத்தோடு உட்கார்ந்தேன். வெள்ளைக் கிளேயை இளகும்வரை பிசைந்தேன். சிறு உருண்டை, அதை நீட்டி நுனியைக் கூராக்கி, அடியில் இளம்பச்சைக் காம்பு. சுட்டு எடுத்து, ஆறவிட்டு, உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன்.

மொட்டுக்கெல்லாம் முடி முளைத்திருந்தது. நீல முடி, பச்சை முடி.

படம் எடுத்து ஜெனிக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"நித்தி, பழைய ரொட்டி போட்டோவை ஏன்டி அனுப்புற?"

"மல்லிகைடி அது."

"பூசணம் பூத்திருக்கு."

பூசணம் இல்லை. அப்பாவின் தறியில் அந்த வாரம் ஓடியது நீலமும் பச்சையும் கட்டம் போட்ட லுங்கி. தறி ஓடும் வீட்டில் பஞ்சு மூச்சுக்காற்று மாதிரி. டீயின் மேல் மிதக்கும், புருவத்தில் உட்காரும், ஃபேன் இறக்கையில் மீசை வளர்க்கும். கிளேயோ ஒட்டுகிற சாமான். காற்றில் போகிற பஞ்சை வா வா என்று கூப்பிட்டு வைத்துக்கொள்ளும். கல்லூரியில் பஞ்சுத் தூசி பற்றி ஒரு முழுத் தாள் எழுதித் தேறியவள் நான். நல்ல மதிப்பெண். அந்தத் தூசி என் அறைக்கும் வரும் என்று பாடத்தில் இல்லை.

இவ்வளவு நாள் ஏன் தெரியவில்லை என்று பழைய சரக்கையெல்லாம் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஆவாரம்பூ தோட்டில் இருந்தது. வேப்பிலைப் பதக்கத்தில் இருந்தது. எல்லாமே அடர் நிறம் என்பதால் கலந்து போயிருந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த வேப்பிலைப் பதக்கத்துக்கு வந்த பாராட்டுகள் என் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. "இலையின் பூனைமுடியைக்கூட விடவில்லையே, என்ன நுணுக்கம்!" என்று ஒருவர். "இதுதான் இவருடைய முத்திரை" என்று இன்னொருவர். நான் இரண்டுக்கும் கைகூப்பும் பொம்மை போட்டு நன்றி சொல்லியிருக்கிறேன்.

என் முத்திரை எங்கள் அப்பா நெய்த லுங்கி.

வெயிலில் மழைக்கோட்டு

சாமர்த்தியம் என்று ஒன்று இருக்கிறதே, அது என்னை இந்த இடத்தில் கைவிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பருத்தித் துணி போட்டுக்கொண்டு கிளே பிசையக்கூடாது என்று ஒரு வெளிநாட்டுக்காரி வீடியோவில் சொன்னாள். எங்கள் வீட்டில் பருத்தி இல்லாதது ஒன்றே ஒன்றுதான், அப்பா பைக்கில் வைத்திருக்கும் நைலான் மழைக்கோட்டு. அதைப் போட்டுக்கொண்டேன். தலையில் ஷவர் தொப்பி. ஜன்னலைச் சாத்தி இடுக்கில் டேப் ஒட்டினேன். ஃபேன் கூடாது, பஞ்சைக் கிளப்பும். சித்திரை வெயில் ஓட்டைக் காய்ச்சிக்கொண்டிருந்தது.

அப்பா கதவைத் திறந்தார். பார்த்தார். சாத்திவிட்டார். மறுபடி திறந்தார்.

"ஏஞ் சாமி, உள்ளுக்குள்ள மழை வருதுங்களா?"

"பஞ்சுப்பா. கதவைச் சாத்துங்க."

"தறி ஓடற ஊட்டுல பஞ்சு பறக்காம வேறென்ன பறக்கும்?"

"அதான், ரெண்டு நாளு தறியை நிறுத்தினீங்கன்னா..."

அப்பா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே அம்மாவிடம் சொன்னது கேட்டது: "புள்ளைக்கு மோர் கொண்டுபோயிக் குடு. சூடு தலைக்கேறிருச்சு."

சூடு கிளேக்கும் ஏறியிருந்தது. உருட்டிய மொட்டெல்லாம் உருகிய வெண்ணெய் மாதிரி விரலோடு வந்தன. மல்லிகை செய்யப் போய் என் கைரேகையை வெள்ளையில் பதித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் செய்தித்தாளில் அறிவிப்பு பார்த்தேன். பராமரிப்புப் பணிக்காக எங்கள் பகுதியில் பகல் முழுக்க மின்தடை. ஊரே சலித்துக்கொண்டது. நான் குதித்தேன். கரண்ட் இல்லை என்றால் எந்தத் தறியும் ஓடாது. தறி ஓடவில்லை என்றால் பஞ்சு இல்லை.

அன்று காலை தறிச் சத்தம் நின்றதும் காது அடைத்தது போல இருந்தது. பஞ்சு இறங்கட்டும் என்று காத்திருந்து, தரையை ஈரத்தில் துடைத்து, உட்கார்ந்தேன். நம்பவே முடியவில்லை. ஒவ்வொரு மொட்டும் பளிங்கு. ஒரு முடி இல்லை. சாயங்காலத்துக்குள் ஒரு தட்டு நிறைய மல்லிகை. காவிரிப் பக்கமிருந்து லேசாகக் காற்றுகூட வந்தது. எழுந்து கம்பீரமாக ஓவன் அருகே போய் சுவிட்சைப் போட்டேன்.

ஓவனும் கரண்டில்தான் ஓடும் என்று நான் இன்ஜினியரிங் படித்திருக்கிறேன்.

சரி, கரண்ட் வரும்வரை மூடி வைக்கலாம். எதனால் மூடுவது? எங்கள் வீட்டில் எதை மூடுவதானாலும் கை தானாகப் போகிற இடம் ஒன்றுதான். சோற்றுப் பானை, மாவுச் சட்டி, ஸ்கூட்டர் சீட், டிவி, தூங்குகிற குழந்தை, எல்லாவற்றுக்கும் ஒரே மூடி. கொடியிலிருந்து தறியில் அறுத்து வந்த புத்தம் புது வெள்ளைத் துண்டு ஒன்றை உருவி, தட்டின் மேல் அழகாகப் போர்த்திவிட்டு, நிம்மதியாகக் குளிக்கப் போனேன்.

குமாரபாளையத்துக்காரி தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

கரண்ட் வந்தது. துண்டைத் தூக்கினேன். மொட்டுகளில் பாதி துண்டோடு வந்தன. மீதி தட்டில் வெள்ளை ரோமத்தோடு சிலிர்த்துக்கொண்டு நின்றன.

அம்மா எட்டிப் பார்த்தார். "இதென்னடி, மல்லியப்பூவுன்னு சொல்லிட்டுக் கம்பளிப்பூச்சி வளத்துட்டு இருக்கற?"

ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அப்படியே சுட்டு டப்பாவில் போட்டேன். எறியத்தான் வேண்டும். ஆனால் வாங்கிய கிளேயை எறிய எனக்கு மனசு வராது. இரண்டாவது ஓலையும் வாசித்து முடித்திருந்தார்கள்.

சங்ககிரி வழி, ஒரு ஓவன்

பஞ்சு இல்லாத ஊருக்குப் போனால் என்ன? இந்த எளிய விஷயம் கடைசியில்தான் தோன்றியது. அஸ்தம்பட்டியில் தறி இல்லை. ஜெனி வீட்டில் டைல்ஸ் தரை.

ஓவனைச் சாக்கில் கட்டிக்கொண்டு சேலம் பஸ் ஏறினேன். மடியில் வைத்த சாக்கைக் கண்டக்டர் தட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, டிவியா?"

"கம்மல் சுடற அடுப்புங்க."

சங்ககிரி தாண்டும் வரை அவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஜெனியின் அறையில் மிச்சமிருந்த வெள்ளைக் கிளே முழுவதையும் போட்டு அந்தக் கடைசி மல்லிகையை உருட்டினேன். ஜெனி கூடவே உட்கார்ந்து காம்பு கிள்ளினாள். ஒரு முடி இல்லை. அவள் ஒரு மொட்டை மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக மூச்சிழுத்துவிட்டு, "ஒண்ணும் வரல!" என்று குழந்தை மாதிரிக் கத்தினாள். ஓவனில் சரியான சூடு வைத்துவிட்டு, இருவரும் சரம் கட்ட மெல்லிய கம்பி வாங்கக் கடைக்குப் போனோம்.

ரீட்டா ஆன்ட்டியின் கிறிஸ்துமஸ் கேக் அந்தப் பக்கத்தில் பிரசித்தம். ஓவன் என்றால் அவருக்குக் கை பரபரக்கும். போகிற போக்கில் குமிழைப் பார்த்திருக்கிறார்.

"இவ்வளவு கம்மியா வெச்சா எந்தக் காலத்துல வேகறது? பாவம் புள்ளைங்களுக்குத் தெரியல" என்று கேக்கின் சூட்டுக்குத் திருப்பிவிட்டார்.

நாங்கள் தெரு முனைக்கு வரும்போதே அந்த நாற்றம் வந்துவிட்டது. வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. கூறைப் புடவையைக் கொடுக்க அந்தோணியம்மாள் வந்திருந்தார். கையில் புடவைத் தட்டு, மூக்கில் முந்தானை.

ஓடிப்போய்த் திறந்தேன். மல்லிகை இருந்தது. உருவம் அச்சு அசல். நிறம்தான் வேறு. ஓரமெல்லாம் பழுப்பேறி, காம்பு கறுத்து, சுருங்கிய மாதிரி. நான் செய்ததிலேயே இயற்கைக்கு மிக நெருக்கமாக வந்த பூ அதுதான். என்ன, அடுத்த நாள் காலையின் பூ.

ஜெனி அழ ஆரம்பித்தாள். அழுகையோடு அழுகையாக எல்லாம் வெளியே வந்தது. ஐஸ்கிரீம் இல்லை, சளி இல்லை, மல்லிப்பூதான், சின்ன வயசிலிருந்து ஆகாது, பாதர் முன்னால் தும்மிவிடுவேன் என்று பயம். பாவம், பிரவீனையும் காட்டிக்கொடுத்துவிட்டாள்.

ரீட்டா ஆன்ட்டி சுவரைப் பார்த்தார். நான் ஓவனைப் பார்த்தேன்.

அந்தோணியம்மாள் புடவைத் தட்டைக் கீழே வைத்தார். "ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்றதுக்கு என்ன? பூவுதானே, சாமி குத்தமா? அன்னைக்கு வேன்ல போறப்ப, பொண்ணுக்கு இப்பிடி நெஞ்சுச் சளி இருக்குதே, நல்ல டாக்டரா பாக்கணுமேன்னு புலம்பிட்டே போனேன்" என்றார். குரலில் கோபம் இருந்தது. பூவுக்காக இல்லை, பொய்க்காக.

பிறகு ஓவன் தட்டிலிருந்து ஒரு பழுப்பு மொட்டை எடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, சரம் கட்டுகிறவர்கள் பிடிக்கிற மாதிரியே பிடித்து, உருட்டிப் பார்த்தார்.

"நேத்து வெச்ச பூ மாதிரியே இருக்குது" என்றார். யாரிடமும் இல்லை. மொட்டைத் திரும்ப வைக்கும்போது எறியாமல் வைத்தார். "எதையோ ஒண்ணை நல்லதா வெய்யி கண்ணு. வெறுந்தலையா மட்டும் நிக்காத."

உயிரியல் டீச்சர்

ஆக ரகசியம் போய்விட்டது. ஆனால் தலைக்கு வைக்க ஒன்றுமில்லை. வெள்ளைக் கிளே கூரியரில் சென்னையிலிருந்து வர வேண்டும். மூன்றாவது ஓலை மறுநாள்.

ஜெனி என் பையைக் குடைந்து, எறிய மனசில்லாமல் கூடவே கொண்டுவந்திருந்த அந்தக் கம்பளிப்பூச்சி டப்பாவை எடுத்தாள். நான் பிடுங்கப் பார்த்தேன். அவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"நித்தி, இது பூளைப்பூதான்டி."

பொங்கலுக்கு முன்னால் வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்து வீட்டுக்கு வீடு காப்புக் கட்டுவார்களே, அதே பூளைப்பூ. ரோட்டோரத்தில் யாரும் விதைக்காமல் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு மாதிரி நிற்கும்.

"நான் செஞ்சது மல்லிகை" என்றேன் ரோஷமாக.

"மல்லிகைன்னு சொன்னா இது பூசணம். பூளைப்பூன்னு சொன்னா ஒரிஜினல். பத்தாவது பசங்களுக்குக் காட்டினா செடிப் பேரு எழுதிடுவாங்க." பேசிக்கொண்டே கம்பியில் நெருக்கி நெருக்கிச் செருகினாள். வெள்ளைக் கதிர் ஒன்று உண்டானது. நடுநடுவே நான் பச்சை இலை வைத்தேன். கொண்டையைச் சுற்றி வைத்துப் பார்த்தோம். ரீட்டா ஆன்ட்டி சுற்றி வந்து பார்த்துவிட்டு, "முக்காட்டுக்குள்ள நல்லாத்தான் இருக்கு" என்றார். ஓவன் விஷயத்துக்குப் பிறகு அவர் எதையும் குறை சொல்லும் நிலையில் இல்லை.

கல்யாணத்தன்று போட்ட மாலையில்கூட மல்லிகை இல்லை. அந்தோணியம்மாள் தன் கையால் அரளி மட்டும் வைத்துக் கட்டியிருந்தார். தலையில் பஞ்சுப்பூ, கழுத்தில் அரளி. எல்லா ஓட்டையையும் அடைத்தாயிற்று. ஜெனி பீடத்தை நோக்கி நடந்தாள்.

பீடம் முழுக்க மல்லிகை.

மாப்பிள்ளையின் சித்தப்பாவின் அன்பளிப்பு. அவரிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. விடிவதற்கு முன்பே மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கி, பங்குக் கோயில் இளைஞர்களை வைத்துத் தூண், படி, மெழுகுவர்த்தித் தண்டு என்று ஒன்று விடாமல் சுற்றியிருந்தார். பூக்காட்டு வீட்டுக் கல்யாணத்தில் பூவைத் தடுக்கப் போன என் புத்தியை என்ன சொல்வது?

வார்த்தைப்பாட்டில் நலத்திலும் நோயிலும் என்று ஒரு இடம் வரும். ஜெனி நலம் வரைக்கும் வந்துவிட்டாள். அதற்கு மேல் மூக்குதான் பேசியது. மைக் வேறு பக்கத்தில் இருந்தது. பாதர் காத்திருந்தார். பிரவீன் கைக்குட்டையை எடுத்து நீட்டினான். அடுத்த தும்மல், அதற்கடுத்தது. பின் வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது, பிறகு கோயிலே சிரித்தது. முதல் பெஞ்சில் அந்தோணியம்மாள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு தோள் குலுங்கிக்கொண்டிருந்தார். ஜெனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து, நோயிலும் என்று தெளிவாகச் சொல்லி முடித்தாள். அவள் இவ்வளவு நாள் பயந்தது இதற்குத்தான். அது வந்தது, போய்விட்டது.

பூளைப்பூ ஒன்றுகூட உதிரவில்லை. அதை யாரும் பார்க்கவுமில்லை.

அந்தக் கருகியது

மண்டபத்தில் பந்தி முடிந்து நான் பீடா மென்றுகொண்டிருந்தபோது அந்தோணியம்மாள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பட்டுப்புடவை, நெற்றியில் வியர்வை. எல்லாப் பெண்கள் தலையிலும் அவர் காட்டுப் பூ இருந்தது, அவர் தலையைத் தவிர.

"ஏஞ் சாமி, அன்னைக்குக் கருகுச்சே, அது இருக்குதா?"

"இருக்குதுங்கம்மா. ஆனா அது எதுக்கு? கிளே வந்ததும் வெள்ளையா, நல்லதா செஞ்சு தர்றேன்."

"வெள்ளை வேண்டாம். வெள்ளையா வெச்சா ஊரு பாக்கும்." குரலைத் தாழ்த்தினார். "அது வாடுனது. வாடுனதுக்கு யாரு என்ன கேக்கப் போறா? காதுக்குச் சின்னதா ரெண்டு போதும்."

நான் தலையாட்டினேன். பீடாவை அவசரமாக விழுங்கினேன்.

"காலைல எந்திரிச்சா தலகாணியில கெடக்குமே," என்றார் எழுந்துகொண்டே, "அந்தக் கலரு வரணும். கருகக் கூடாது."

கருகியதைப் போட்டு வைத்த டப்பாவை வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். ரீட்டா ஆன்ட்டி சுட்டது கொஞ்சம் அதிகம். காம்பு கரி. அவர் கேட்ட நிறம் இதற்கும் வெள்ளைக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. ஜெனியிடம் கேட்டேன். "வாடின மல்லிப்பூவா? நான் எங்கடி கிட்ட போயிப் பார்த்தேன்?" என்றாள். அம்மாவிடம் கேட்டேன். அவர் காலையில் தலையிலிருந்து எடுத்த பூவை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். வீட்டில் இத்தனை வருடமாக இதைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். ஓரம் தேன் நிறம், நடுவில் இன்னும் கொஞ்சம் வெள்ளை, மடங்கிய இடத்தில் மட்டும் டீத்தூள்.

புதுக் கிளே நேற்று வந்தது. மொட்டு உருட்டியாயிற்று. இவ்வளவு நாள் வெள்ளை பழுப்பேறாமல் எடுப்பதற்காகக் குமிழைக் காவல் காத்தவள், இன்று அதை அந்தச் சூட்டுக்கு மேலே நானே திருப்பப் போகிறேன். எவ்வளவு தூரம் என்று எந்த வீடியோவிலும் இல்லை. கொஞ்சம் திருப்பி, பார்த்து, எடுத்து, மறுபடி.

நாற்றம் வரும் என்பதால் ஜன்னல் இடுக்கில் ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்துவிட்டேன். பக்கத்தில் தறி ஓடுகிறது. பஞ்சு வந்தால் வரட்டும்.